பிரித்துப் பார்த்த பிள்ளை

குழந்தைகளே! நாமக்கல் என்றதும் உங்களுக்கு என்னென்ன நினைவுக்கு வரும்? மலைக்கோட்டை, ஆஞ்சநேயர் கோயில், கோழிப்பண்ணை. அதற்கு அடுத்ததாக லாரி! எருமப்பட்டியிலிருந்து நாமக்கல் போகும் சாலை ஓரத்தில் சிறிது நேரம் நின்றாலே போதும், எத்தனையோ லாரிகளை எண்ணிவிடலாம். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கு நம் மாவட்டம் பெயர் பெற்றது. திருச்செங்கோடு பக்கம் போனால் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வரிசையாக நிற்கும்.

இப்படிப்பட்ட மாவட்டத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இன்ஜினைப் பற்றிக் கேள்விகள் வருவது இயல்புதானே? அவற்றில் ஒரு கேள்வியை இன்று எடுத்துக்கொள்வோம். கார் இன்ஜினின் முன்பக்கத்தில் பெல்ட் ஓடும் சக்கரம் ஒன்று இருக்கும். பாடப் புத்தகத்தில் அதைக் கப்பி என்று படித்திருப்பீர்கள். பட்டறையில் புல்லி என்பார்கள். அந்தப் புல்லியைக் கழற்றிவிட்டுச் சிறிய புல்லி மாட்டினால் காரின் இழுவை கூடும் என்று சிலர் சொல்கிறார்கள். இது உண்மையா? காசு செலவழித்து மாற்றுவது லாபமா?

இதற்கு விடை தேடுவதற்கு முன்னால் ஒரு பெரியவரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வோம். இப்படிப்பட்ட கேள்விகளை எப்படி அணுக வேண்டும் என்று தன் வாழ்க்கையாலேயே காட்டியவர் அவர். கோயம்புத்தூர் தந்த அறிவியல் மேதை ஜி.டி.நாயுடு!

கலங்கல் கிராமத்துச் சிறுவன்

கோயம்புத்தூருக்கு அருகே, சூலூர் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் துரைசாமி பிறந்தார். தந்தையின் பெயர் கோபால்சாமி. இருவர் பெயரின் முதல் எழுத்துகளும் சேர்ந்துதான் ஜி.டி. என்று ஆயிற்று.

சிறு வயதிலேயே துரைசாமி தாயை இழந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் அவர் அதிகம் படிக்கவில்லை. அதற்காக அவர் படிக்காதவர் என்று நினைத்துவிடாதீர்கள். கையில் கிடைத்த புத்தகங்களைத் தானாகவே படித்தார். கண்ணில் பட்ட பொருள்களை எல்லாம் உற்றுக் கவனித்தார். இது எப்படி வேலை செய்கிறது என்ற கேள்வி அவரைத் தூங்க விடாது.

அவர் வாலிபராக இருந்தபோது, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தார். அது இங்கிலாந்தில் தயாரான ரட்ஜ் என்னும் வண்டி. மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி தானாக ஓடுகிறதே என்று துரைசாமிக்கு ஒரே வியப்பு!

அந்த வண்டியை வாங்கியே தீருவது என்று முடிவு செய்தார். கையில் பணம் ஏது? கோயம்புத்தூருக்குப் போய் ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தார். கிடைத்த சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். கடைசியில் அந்த மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கியே விட்டார்.

வாங்கியதும் என்ன செய்தார் தெரியுமா? ஊர் சுற்றக் கிளம்பவில்லை. வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டார்! ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்துப் பார்த்தார். எது எதோடு சேர்கிறது, எது எதற்கு உதவுகிறது என்று கவனித்தார். பிறகு எல்லாவற்றையும் பழையபடி பூட்டி ஓட்டினார்.

இதில் ஒரு முக்கியமான பாடம் இருக்கிறது. ஒரு பாகம் என்ன வேலை செய்கிறது என்று தெரியாமல் அதை மாற்றக் கூடாது. புல்லிக் கேள்விக்கும் இதுதான் முதல் படி. அதற்குப் பிறகு வருவோம்.

விழுந்தார், எழுந்தார்

முதல் உலகப் போர் நடந்த காலத்தில் துரைசாமி பஞ்சுத் தொழிலில் இறங்கினார். நல்ல பணம் வந்தது. அந்தத் துணிச்சலில் பம்பாய்க்குப் போய்ப் பஞ்சு வியாபாரம் செய்தார். அங்கே பெரும் நஷ்டம் ஏற்பட்டது. சேர்த்த பணம் போய்விட்டது.

வெறும் கையோடு ஊர் திரும்பிய அவர் மனம் தளரவில்லை. கோயம்புத்தூரில் தொழில் நடத்தி வந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் அவருக்கு உதவினார். அந்த உதவியோடு 1920-ஆம் ஆண்டில் ஒரு பேருந்தை வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதை ஓட்டினார். முதலாளி அவரே, ஓட்டுநரும் அவரே!

ஒரு பேருந்து பல பேருந்துகள் ஆயின. யுனைடெட், யுனிவர்சல் என்றெல்லாம் பேருந்து நிறுவனங்களுக்குப் பெயர் வைத்த காலம். நாயுடுவின் நிறுவனத்துக்கு யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்று பெயர். யு.எம்.எஸ். என்று சொன்னால் கொங்கு நாட்டில் அறியாதவர் இல்லை. 1930-களில் 200-க்கும் மேற்பட்ட பேருந்துகள் அவரிடம் இருந்தன. நேரம் தவறாமல் ஓடுவதில் அவை பெயர் பெற்றவை.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பேருந்தில் ஒரு நாளைக்கு 1 லிட்டர் எரிபொருள் மிச்சமானால் அது சிறிய தொகைதான். அதுவே 200 பேருந்துகள் என்றால் ஒரு நாளைக்கு 200 லிட்டர். மாதத்துக்கு 6,000 லிட்டர்! ஆகவே சிறிய மிச்சத்தை அலட்சியம் செய்யக் கூடாது. அதே சமயம், எரிபொருளை மிச்சம் பிடிக்கப் போய் இன்ஜின் சூடாகி வண்டி நடுவழியில் நின்றுவிட்டால்? 40 பயணிகள் சாலையில் நிற்க வேண்டியதுதான். மிச்சத்தையும் பார்க்க வேண்டும், அதற்காக எதை இழக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். பேருந்துத் தொழில் நடத்தும் எவரும் மறக்கக் கூடாத கணக்கு இது.

மோட்டாரும் கிணறும்

நாயுடுவின் வாழ்க்கையில் 1937-ஆம் ஆண்டு மிக முக்கியமானது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1932-இல், நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோயம்புத்தூர்ப் பக்கம் மின்சாரம் வந்தது. கவலை ஏற்றத்தில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த விவசாயிகளுக்கு மின்சார மோட்டார் வேண்டியிருந்தது. ஆனால் மோட்டார்கள் வெளிநாட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன.

நம் நாட்டிலேயே ஏன் செய்யக் கூடாது? டி.பாலசுந்தரம் நாயுடு என்ற திறமைசாலியுடன் சேர்ந்து முயன்றார் ஜி.டி.நாயுடு. 1937-இல் இந்தியாவிலேயே உருவான முதல் மின்சார மோட்டார் வெளிவந்தது. இன்று கோயம்புத்தூர் பம்புக்கும் மோட்டாருக்கும் புகழ் பெற்ற ஊராக இருக்கிறதே, அதற்கு அப்போது போட்ட விதைதான் இது.

மோட்டார் என்று சொல்லும்போதே நம்முடைய புல்லியும் வந்துவிட்டது! அந்தக் காலத்துக் கிணற்றடிகளில் ஆயில் இன்ஜினையோ மோட்டாரையோ பம்போடு பெல்ட் போட்டு இணைப்பது உண்டு. இன்றும் மாவு மில்லில் பெல்ட் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். இதன் கணக்கு மிகவும் எளிது.

இன்ஜினில் 6 அங்குலப் புல்லி, பம்பில் 6 அங்குலப் புல்லி என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் 4 சுற்று சுற்றினால் பம்பும் 4 சுற்று சுற்றும். இப்போது இன்ஜின் புல்லியைக் கழற்றிவிட்டு நாலரை அங்குலப் புல்லி மாட்டுகிறோம். இன்ஜின் 4 சுற்று சுற்றினால் பம்பு 3 சுற்றுதான் சுற்றும். பம்பு மெதுவாகச் சுற்றுவதால் இன்ஜினுக்குச் சுமை குறைகிறது. எரிபொருளும் குறைவாகச் செலவாகும்.

ஆகா, லாபம்தானே என்று அவசரப்படாதீர்கள்! தண்ணீரும் குறைந்துபோகும். கிணறு ஆழமாக இருந்து, பம்பு மிகவும் மெதுவாகச் சுற்றினால் தண்ணீர் மேலே ஏறவே ஏறாது. எரிபொருள் மிச்சம், வயல் காய்ந்துபோகும்!

காரின் புல்லி என்ன செய்கிறது?

இப்போது நாயுடுவைப் போல நாமும் காரின் முன்பக்கத்தைப் பிரித்துப் பார்ப்போம். கையால் அல்ல, மனத்தால்!

இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் என்னும் தண்டின் நுனியில் ஒரு புல்லி இருக்கிறது. அதில் ஓடும் பெல்ட் வேறு சில கருவிகளையும் சுற்ற வைக்கிறது. பல கார்களில் வாட்டர் பம்பு இந்தப் பெல்ட்டில்தான் ஓடுகிறது. இன்ஜினைச் சுற்றித் தண்ணீரை ஓட வைத்து ரேடியேட்டரில் குளிர வைப்பது அதன் வேலை. அடுத்தது ஆல்டர்னேட்டர். பெரியவர்கள் பழைய பழக்கத்தில் டைனமோ என்பார்கள். விளக்குக்கு மின்சாரம் தருவதும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதும் அதுதான். ஏ.சி. இருந்தால் அதன் கம்ப்ரசர் ஒன்று. சில வண்டிகளில் ஸ்டீயரிங்கை எளிதாகத் திருப்ப உதவும் பம்பும் உண்டு.

இவை எல்லாம் இன்ஜினின் சக்தியில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. சிறிய புல்லி மாட்டினால் இவை மெதுவாகச் சுற்றும். மிச்சமாகும் சக்தி சக்கரத்துக்குப் போகும். இதுதான் சிறிய புல்லியின் ரகசியம். ஆகவே அது சொல்லும் கதை பொய் அல்ல. உண்மையிலேயே கொஞ்சம் சக்தி மிச்சமாகும்.

எவ்வளவு மிச்சமாகும்? வாட்டர் பம்பு முக்கால் வேகத்தில் சுற்றினால் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான் ஓடும். ஆனால் அதற்கு வேண்டிய சக்தி முக்கால் பங்கு அல்ல. முக்காலை மூன்று முறை பெருக்க வேண்டும். நான்கில் மூன்றை மூன்று முறை பெருக்கினால் 64-இல் 27 பங்கு வரும். அதாவது பாதிக்கும் குறைவு! வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே சக்தி நிறைய மிச்சமாவது இதனால்தான்.

ஆனால் பாருங்கள், வாட்டர் பம்பு எடுத்துக்கொள்வதே இன்ஜினின் மொத்தச் சக்தியில் சிறு பங்குதான். சிறு பங்கில் பாதி மிச்சமானால் அதுவும் சிறியதுதானே? ஆல்டர்னேட்டரோ இன்னும் பிடிவாதக்காரர். விளக்குக்கும் பேட்டரிக்கும் வேண்டிய மின்சாரத்தைத் தந்தே ஆக வேண்டும். மெதுவாகச் சுற்றினாலும் முயன்று அதே அளவு மின்சாரத்தைத் தரப் பார்க்கும். அதனால் அங்கே பெரிய மிச்சம் இல்லை. இப்போது வரும் பல கார்களில் ஸ்டீயரிங்குக்கு உதவுவதும் ரேடியேட்டர் விசிறியைச் சுற்றுவதும் மின்சார மோட்டார்தான். பெல்ட்டில் தொங்கும் சுமையே குறைந்துவிட்டது. மிச்சம் பிடிக்க அங்கே என்ன இருக்கிறது?

எதை இழக்கிறோம்?

சித்திரை மாதத்து வெயிலில் சேலம் ஐந்து ரோட்டில் வண்டிகள் நெருக்கி நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கார் நகரவில்லை. இன்ஜின் மெதுவாக ஓடுகிறது. ஏ.சி.யும் விளக்கும் பாட்டும் ஓடுகின்றன. இப்போது சிறிய புல்லி மாட்டிய காரில் என்ன நடக்கும்? ஏற்கெனவே மெதுவாகச் சுற்றும் வாட்டர் பம்பு இன்னும் மெதுவாகச் சுற்றும். இன்ஜின் சூடாகலாம். ஆல்டர்னேட்டர் போதிய மின்சாரம் தராமல் பேட்டரி இறங்கலாம். ஏ.சி.யின் குளிர்ச்சியும் குறையும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பல இன்ஜின்களில் அந்தப் புல்லி வெறும் இரும்புச் சக்கரம் அல்ல. அதற்குள் ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். இன்ஜினுக்குள் பெட்ரோல் வெடித்து எரியும் ஒவ்வொரு முறையும் கிராங்க் ஷாஃப்ட் சிறிது முறுக்கி அதிரும். அந்த அதிர்வைத் தாங்கிக்கொள்வது இந்த ரப்பர் வளையம்தான். அதை எடுத்துவிட்டு எடை குறைந்த வெறும் புல்லியை மாட்டினால் அதிர்வு முழுவதும் தண்டின் மேல் விழும். நாளடைவில் தண்டே உடைந்து போகலாம். பார்வைக்குச் சாதாரணச் சக்கரம். ஆனால் சத்தமில்லாமல் எவ்வளவு பெரிய வேலை செய்கிறது!

அப்படியானால் சிறிய புல்லி யாருக்கும் பயன்படாதா? பயன்படும். பந்தயக் கார்களுக்குப் பயன்படும். பந்தயத்தில் இன்ஜின் எப்போதும் மிக வேகமாகவே சுற்றும். வாட்டர் பம்பும் ஆல்டர்னேட்டரும் தேவைக்கு மேல் சுற்றும். அவற்றின் வேகத்தைக் குறைத்தால் நஷ்டம் இல்லை. ஒரு நொடியில் வெற்றி தோல்வி முடிவாகும் இடத்தில் சிறிய மிச்சமும் பெரிதுதான். பள்ளிக்கும் சந்தைக்கும் போய்வரும் நம் வீட்டுக் காருக்கோ அது பெரும்பாலும் வீண் செலவு. டயரில் காற்றைச் சரியாக வைத்துக்கொண்டு, தேவையில்லாத சுமையை இறக்கி வைத்து, ஏர் பில்டரைச் சுத்தமாக வைத்திருந்தாலே போதும். செலவில்லாத லாபம் அதுவே!

உலகம் சுற்றிய நாயுடு

மீண்டும் நாயுடுவிடம் வருவோம். அவர் பல வெளிநாடுகளுக்குப் போனார். போன இடமெல்லாம் தொழிற்சாலைகளைப் பார்த்தார். ஜெர்மனியில் ரேசன்ட் என்ற பெயரில் முகம் மழிக்கும் மின்சாரக் கருவியைக் கொண்டுவந்தார். அதற்குள் ஒரு குட்டி மோட்டார். டார்ச் விளக்குக்குப் போடுவது போன்ற பேட்டரியில் அது ஓடும். அதற்கு மிக மெல்லிய பிளேடும் செய்தார்.

இங்கே சக்தியை மிச்சம் பிடிப்பது மிகவும் அவசியம். ஏன் தெரியுமா? சிறிய பேட்டரியில் இருக்கும் சக்தி கொஞ்சம்தான். ஆகவே ஒவ்வொரு துளியும் பெரிது. மிச்சம் என்பது எல்லா இடத்திலும் ஒன்று அல்ல. எங்கே எவ்வளவு தேவை என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

1941-இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று செய்து காட்டினார். 1952-இல் இருவர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான். ஆனால் அதைத் தயாரித்து விற்க அரசு உரிமம் கிடைக்கவில்லை. சாதாரண மக்களும் கார் வாங்க வேண்டும் என்ற அவருடைய ஆசை நிறைவேறவில்லை.

கல்வியிலும் அவருக்கு ஆர்வம் அதிகம். கோயம்புத்தூரில் 1945-இல் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கப் பெரிதும் உதவினார். அதன் முதல்வராகவும் இருந்தார். தொழிற்கல்விக்கு இத்தனை ஆண்டுகள் தேவையில்லை, கையால் செய்து பழகினால் விரைவில் கற்றுவிடலாம் என்பது அவர் கருத்து. அதை அரசு ஏற்கவில்லை. பதவியை விட்டு விலகிவிட்டார். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

நாயுடு 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் காலமானார். அப்போது அவருக்கு வயது 80. அவர் சேகரித்த, உருவாக்கிய பொருள்களைக் கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் உள்ள அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 2015-இல் கார்களுக்கென்றே தனி அருங்காட்சியகமும் அங்கே திறக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டு அக்டோபரில் அதே அவிநாசி சாலையில் சுமார் 10 கிலோ மீட்டர் நீள மேம்பாலம் திறக்கப்பட்டது. அதற்கு ஜி.டி.நாயுடு பெயரையே வைத்திருக்கிறார்கள். ஒரு பேருந்தைத் தானே ஓட்டித் தொடங்கியவரின் பெயரைத் தாங்கிய பாலத்தில் இன்று ஆயிரமாயிரம் வண்டிகள் ஓடுகின்றன!

செய்து பாருங்கள்

உங்கள் சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். பெடல் பக்கத்துச் சக்கரத்தில் எத்தனை பற்கள், பின் சக்கரத்தில் எத்தனை பற்கள் என்று எண்ணுங்கள். முன்னதைப் பின்னதால் வகுத்தால், பெடலை ஒரு முறை மிதித்துச் சுற்றும்போது பின் சக்கரம் எத்தனை சுற்று சுற்றும் என்பது தெரிந்துவிடும். பிறகு சுற்றிப் பார்த்து விடை சரியா என்று சோதித்துக்கொள்ளுங்கள். புல்லிக் கணக்கும் இதே கணக்குத்தான்.

ஒரு எச்சரிக்கை! ஓடும் பெல்ட்டுக்கு அருகில் போகவே கூடாது. தாவணி, துப்பட்டா, சட்டை நுனி எது சிக்கினாலும் ஆபத்து. இன்ஜினைப் பார்க்க வேண்டுமானால், அது நின்று ஆறிய பிறகு பெரியவர்கள் துணையோடு பாருங்கள்.

குழந்தைகளே, இனி யாராவது இதை மாற்று, அதை மாட்டு, வண்டி பறக்கும் என்று சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தப் பாகம் இப்போது என்ன வேலை செய்கிறது? மாற்றினால் எவ்வளவு கிடைக்கும்? அதற்காக எதை இழப்போம்? விடை தெரிந்த பிறகு, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அதே சாலையில், அதே சுமையோடு ஓட்டி அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கலங்கல் கிராமத்துப் பிள்ளை மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பார்த்துக் கற்றதும் இப்படித்தான். நாளைக்கு நம் ஊர்ப் பட்டறையிலிருந்தும் ஒரு ஜி.டி.நாயுடு வரலாம். அவர் நீங்களாகவும் இருக்கலாம்!